அம்பு போன பக்கம்

ஃப்ரேழூஸ்,
2.8.1983

வசந்தாவுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. தம்பி ஆதிமூலத்தின் கடிதம் நேற்று வந்தது. ஜூலை பதினாலு விளையாட்டில் நடந்ததை எல்லாம் எழுதியிருக்கிறான். படித்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கே போகவில்லை.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ரிட்டயரான நம்ம ஊர்ச் சொல்தாக்கள் வருஷா வருஷம் நடத்துகிற விளையாட்டு அது. என் அப்பா அந்த மைதானத்தில் பெத்தாங் விளையாட்டில் இரும்புக் குண்டு உருட்டிக் கோப்பை வாங்கியவர். அதே இடத்தில் என் தம்பி, நான் பிரான்சிலிருந்து தூக்கிவந்த சக்கர வில்லோடு நிற்கிறான். முதல் அம்பு வைக்கோல் பலகைக்கு மேலே போகிறது. இரண்டாவது அம்பு அதைவிட மேலே போய், மேடையில் பாண்டுக்காரன் வைத்துவிட்டுப் போன பெரிய டிரம்மைக் கிழிக்கிறது. பாண்டுக்காரன் டீ குடிக்கப் போயிருந்ததால் ஆள் தப்பித்தான். ஊரே சிரித்தது. இன்னும் சிரிக்கிறார்களாம். ராமலிங்கம் மாமா அம்மாவிடமே வந்து, "உம் புள்ள டிரம்ம நல்லா அடிக்கிறான்" என்றாராம்.

இதற்கு யார் காரணம் என்றும் ஆதிமூலம் எழுதியிருக்கிறான். போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் நீ வில்லை எடுத்து, குறி பார்க்கிற விசேரில் இருக்கும் முள்ளை நகர்த்தியிருக்கிறாய். அந்த முள்ளை நான் லீவில் வந்தபோது என் கையால் வைத்துவிட்டு வந்தேன். உனக்கு விளையாட்டுக்காகத்தான் போல்ட்டைத் தளர்த்தி, வில்லை இழுக்கிற கனத்தைக் குறைத்து லேசாக்கிக் கொடுத்தேன், ஒரு பொழுதுபோக்கு இருக்கட்டும் என்று. அவன் போட்டிக்குப் போகிறான் என்றதும் உனக்குப் பொறுக்கவில்லை. நீ போக முடியாத இடத்துக்கு அவன் போகிறானே என்ற எரிச்சல்.

வில்லை ஆதிமூலத்திடம் கொடுத்துவிடு. இனி அதைத் தொடாதே. நீ இங்கே வருவதற்காகக் கொடுத்திருந்த பேப்பர்களை நிறுத்தச் சொல்லிவிட்டேன். வீட்டு மானத்தை வாங்குகிறவளைக் கூட்டிவந்து நான் இங்கே என்ன செய்யப்போகிறேன்?

தேவதாஸ்

*

நெல்லித்தோப்பு,
21.8.1983

மாமாவுக்கு வசந்தா எழுதுவது.

நலம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். நானும் நலமாக இல்லை. இருவருக்கும் வேலை மிச்சம்.

மேலே ஊரைப் பார்த்திருப்பீர்கள். நான் அரியாங்குப்பத்தில் இல்லை, என் அம்மா வீட்டில் இருக்கிறேன். அத்தை எனக்குச் சோறு போடும்போது, "தின்னு, தின்னு, அடுத்த வருஷம் எதக் கெடுக்கலாம்னு தெம்பா யோசி" என்றார்கள். அந்தச் சோற்றை அப்படியே வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன். இதை உங்கள் தம்பி எழுதியிருக்க மாட்டார்.

அவர் எழுதாத மற்றதையும் நான் எழுதுகிறேன். வில்லைத் தளர்த்தி என்னிடம் கொடுத்தீர்கள், சரி. முள்ளை நீங்கள் தொடவே இல்லை. "பத்தடி தூரத்துல எல்லாம் ஒண்ணுதான்டி" என்றீர்கள். பத்தடியில் ஒன்றுதான். நீங்கள் விமானம் ஏறிய பிறகு நான் தோப்பின் ஒரு கோடியில் தென்னை மட்டையைக் குறியாகச் சாத்திவிட்டு, மறு கோடியில் போய் நின்றேன். அங்கிருந்து விட்டால் எல்லா அம்பும் கீழே தரையில் குத்தின. கனம் குறைந்தால் அம்புக்கு வேகம் குறைகிறது, வேகம் குறைந்தால் தணிந்துபோகிறது. நீங்கள் என்னையும் உங்கள் தம்பியையும் நிற்கவைத்துச் சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கிறதா? "மேல போனா எறக்கு, கீழ போனா ஏத்து." நானும் அப்படியே முள்ளை ஏற்றினேன். அம்பு இன்னும் கீழே போனது. இன்னும் ஏற்றினேன். என் காலுக்கு முன்னாலேயே குத்தியது. அழுகையே வந்துவிட்டது. கடைசியில் கோபத்தில் முள்ளை ஒரேயடியாகக் கீழே தள்ளிவிட்டு இழுத்தேன். அம்பு மட்டையில் போய் நின்றது.

உங்கள் தம்பி போட்டிக்காகப் போல்ட்டை இறுக்கினார். கனம் ஏறினால் முள்ளும் ஏற வேண்டும். அதனால்தான் ஏற்றிவைத்தேன், அவர் கண் முன்னாலேயே, அவர் கேட்டதால். அன்று சாயங்காலம் மூன்று அம்பு விட்டார், மூன்றும் நடுவில். "அண்ணி, நீ கில்லாடி" என்றார். காலையில் மைதானத்தில் கூட்டாளிகள் வில்லை இழுத்துப் பார்த்து, "இன்னாடா, ஈர்க்குச்சி மாதிரி இருக்குது" என்று கிண்டல் செய்ததும், இன்னும் இறுக்கிவிட்டார். முதல் அம்பு மேலே போனது. நான் பெண்கள் பக்கம் இருந்து, "இன்னும் ஏத்துங்க" என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்து, "அண்ணன் எறக்கத்தான் சொல்லிக்குது" என்று இறக்கினார். டிரம் போச்சு.

உங்கள் சொல்லைக் கேட்டுத்தான் அந்த அம்பு போனது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். நீங்கள் அம்பையும் நோகவில்லை, பக்கத்தில் நின்றவளை நோகிறீர்கள்.

வில்லைக் கையோடு கொண்டுவந்துவிட்டேன்.

வசந்தா

*

ஃப்ரேழூஸ்,
11.9.1983

வசந்தாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், ஒரு பெண்பிள்ளை புருஷனுக்கு இப்படியும் எழுதுவாளா என்று பார்க்க.

நான் ராணுவத்தில் சேர்ந்தபோது நீ மூக்கு ஒழுகிக்கொண்டு மில் கேட்டில் உன் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோய்க்கொண்டிருந்தாய். ஆப்பிரிக்கா வெயிலில் நின்று சுட்டிருக்கிறேன். புதுசாக வருகிற பையன்களுக்கு விசேரைத் திருத்தச் சொல்லிக்கொடுப்பதே என் வேலை. குண்டு மேலே போனால் விசேரை இறக்கு, கீழே போனால் ஏற்று. இதை எனக்கு அஜூதான் என்கிற பதவியில் இருந்த பிரெஞ்சுக்காரன் சொல்லிக்கொடுத்தான், அவனுக்கு அவன் மேலதிகாரி சொல்லிக்கொடுத்தான். அத்தனை பேரும் தப்பு, நெல்லித்தோப்பு வசந்தா மட்டும் சரி. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்.

இன்னொன்று. ஆம்பளைகள் போட்டி நடக்கிற இடத்தில் நடுவில் கத்தினாய் என்று நீயே எழுதியிருக்கிறாய். குறி பார்க்கிறவன் காதில் பொம்பளைச் சத்தம் விழுந்தால் கை ஆடாதா? அதற்கும் நான்தான் காரணமா?

மத்தியானத்தில் எல்லோரும் தூங்கும்போது நீ தனியாகத் தோப்புக்குப் போய் வில்லை இறுக்கி இறுக்கி இழுத்துக்கொண்டிருந்தாய் என்றும் ஆதிமூலம் எழுதினான். லேசாக்கிக் கொடுத்ததை யார் இறுக்கச் சொன்னது? உனக்கு எதற்கு அத்தனை கனம்? யாரிடம் காட்ட?

அரியாங்குப்பம் போ. அம்மா காலில் விழு. வில்லைக் கொடு. பிறகு பேப்பரைப் பற்றிப் பேசலாம்.

தேவதாஸ்

*

நெல்லித்தோப்பு,
30.9.1983

மாமாவுக்கு,

ஆமாம், இறுக்கினேன். முதலில் நீங்கள் கொடுத்த கனம் கைக்கு வந்துவிட்டது. அப்புறம் கொஞ்சம் இறுக்கினேன். அதுவும் வந்தது. ஒவ்வொரு தடவையும் முள்ளைத் திருப்பி வைத்தேன். யாரிடமும் காட்டுவதற்காக இல்லை. இழுத்து நிறுத்தும்போது பாதி வழியில் அந்தச் சக்கரம் உருண்டு, கனமெல்லாம் கழன்று, கை அமைதியாகிவிடுகிறதே, அது எனக்குப் பிடித்திருந்தது. உங்கள் வீட்டில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மில் கேட்டுக்குச் சோறு கொண்டுபோனேன், அதற்கும் வெட்கமில்லை. அந்தச் சோறு தின்ற கைதான் உங்களுக்கு என்னைப் பிடித்துக் கொடுத்தது.

உங்கள் அஜூதானும் சரி, அவருடைய மேலதிகாரியும் சரி. துப்பாக்கிக்குச் சரி. உங்கள் துப்பாக்கியில் நீங்கள் திருகுகிற விசேர் கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று நீங்களே லீவில் படம் போட்டுக் காட்டினீர்கள். இந்த வில்லில் முள் இருப்பது நீட்டிய கைக்குப் பக்கத்தில். முள்ளை இறக்கினால், இறங்கிய முள்ளைக் குறிக்குக் கொண்டுவர நான் கையைத் தூக்க வேண்டியிருக்கிறது. கை தூக்கினால் அம்பு மேலேதானே போகும்? அதனால் வில்லுக்கு விதி ஒன்றுதான். அம்பு போன பக்கமே முள்ளும் போக வேண்டும். மேலே போனால் மேலே, கீழே போனால் கீழே.

என்னை நம்ப வேண்டாம். வில்லை உங்களுக்கு விற்ற அந்த பெர்னார் அங்கேதானே இருக்கிறார்? அவரிடம் இன்னொரு வில் இருக்கிறது என்றீர்கள். போய் வாங்கி, போல்ட்டை இறுக்கி, தூரமாக நின்று விடுங்கள். மேலே போகும். உங்கள் விதிப்படி இறக்கிவிட்டு இன்னொன்று விடுங்கள். முன்னால் ஆள் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அத்தை போன வாரம் இங்கே வந்தார்கள். வீட்டுக்குள் வரவில்லை. தெருக்குழாயில் எல்லாரும் தண்ணீர் பிடிக்கிற நேரமாகப் பார்த்து நின்று, "எம் புள்ளைங்க ரெண்டு பேருக்கும் நடுவுல முள்ள நட்டுட்டு வந்து ஒக்காந்துக்கிறா பாரு" என்றார்கள். என் அம்மா குடத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். அன்றையிலிருந்து நான்தான் தண்ணீருக்குப் போகிறேன்.

எனக்குப் பேப்பர் வேண்டாம். அத்தைக்கு ஒரு வரி எழுதுங்கள். வசந்தா சரியாகத்தான் வைத்தாள், நான் சொல்லிக்கொடுத்ததுதான் தப்பு என்று. அது போதும். தெருவில் சொன்னதற்குத் தெருவில் பதில் வர வேண்டும்.

வசந்தா

*

ஃப்ரேழூஸ்,
6.11.1983

அன்புள்ள வசந்தாவுக்கு,

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. காலையில் வாய் திறந்தால் புகை. நீ வரும்போது கம்பளிச் சட்டை அங்கே வாங்காதே, அங்கே கிடைப்பது இந்தக் குளிருக்குத் தாங்காது. நான் இங்கேயே வாங்கி வைக்கிறேன்.

பேப்பர்களை மறுபடி போடச் சொல்லிவிட்டேன். இத்துடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். கீழே மனைவி கையெழுத்து என்று இருக்கிற இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. சீக்கிரம் அனுப்பினால் கோடைக்குள் வந்துவிடலாம். குவார்ட்டர்ஸ் கேட்டிருக்கிறேன். சமையலறைக்கு ஜன்னல் இருக்கிறது.

ஜன்னல் என்றதும் நினைவு வருகிறது. போன ஞாயிறு பெர்னார் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் வீட்டு மாடி ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைந்துவிட்டது. அவன் மனைவி கோபக்காரி. அது வேறு விஷயம், அதை விடு.

நடந்தது நடந்துவிட்டது. சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவது குடும்பத்துக்கு ஆகாது. அம்மா வயசானவர்கள், நாலு வார்த்தை சொல்வார்கள். நீ என்னோடு வந்துவிட்டால் யார் என்ன சொல்லி என்ன?

கையில் கயிறு அடித்துத் தோல் போய்விட்டது, அதனால்தான் எழுத்துக் கோணலாக இருக்கிறது.

உன்
தேவதாஸ்

*

நெல்லித்தோப்பு,
25.11.1983

மாமாவுக்கு,

மாடி ஜன்னல்.

தரையில் வைத்த பலகைக்குக் குறி பார்த்து, மாடி ஜன்னலை உடைத்திருக்கிறீர்கள். ஒரு அம்பில் அவ்வளவு உயரம் போகாது. முதலில் ஒன்று மேலே போயிருக்கும். பிறகு உங்கள் அஜூதானை நினைத்துக்கொண்டு முள்ளை இறக்கியிருப்பீர்கள். நான் அங்கே இல்லாமலே பார்த்த மாதிரி இருக்கிறது. சிரிப்பு வந்தது, அப்புறம் சிரித்ததைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

உங்களுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டு, கம்பளிச் சட்டையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். ஆகஸ்டிலிருந்து என்னை நாக்கில் போட்டு மென்றீர்கள். மானம் வாங்கினவள், எரிச்சல்காரி, யாரிடம் காட்ட என்றெல்லாம் எழுத முடிந்தது. நான் தப்பு, நீ சரி என்ற நாலு வார்த்தை எழுதக் கை வலிக்கிறது. அதற்குக் கயிறு அடித்தது என்று சாக்கு.

சின்ன விஷயமா? டிரம் கிழிந்தது சின்ன விஷயம், அதற்கு இரண்டு தோல் மாற்றிவிட்டார்கள், இப்போது கல்யாணத்தில் அடிக்கிறார்கள். தெருக்குழாயில் நான் குடத்தை வைத்தால் பக்கத்துக் குடம் நகர்கிறது. போன வாரம் அன்னக்கிளி, என்னோடு ஒன்றாய்ப் படித்தவள், "உண்மையிலேயே வேணும்னுதான் செஞ்சியாடி?" என்று ரகசியமாகக் கேட்டாள். ஏதோ பாராட்டுவது போலக் கேட்டாள். அதுதான் பொறுக்கவில்லை.

நான் உங்களோடு வந்துவிட்டால் யார் என்ன சொல்லி என்ன என்கிறீர்கள். நான் ஓடிவந்த மாதிரி ஆகிவிடும். செய்யாததற்கு ஓடமாட்டேன்.

படிவம் அலமாரியில் இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை. அத்தைக்குக் கடிதம் போடுங்கள்.

வசந்தா

*

ஃப்ரேழூஸ்,
14.12.1983

வசந்தா,

சரி. உன்னிடம் சொல்கிறேன். இறக்கினேன், மேலே போனது. இன்னும் இறக்கினேன், ஜன்னல் போனது. பெர்னார் புல்தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு அவன் முள்ளை மேலே தள்ளிக் கொடுத்தான். போதுமா?

ஆனால் அம்மாவுக்கு எழுத என்னால் முடியாது. கோபத்தில் சொல்லவில்லை, முடியாது. அப்பா போன பிறகு அந்த வீட்டில் என் வாக்குதான் வாக்கு. ஆதிமூலம் இதுவரை என் பேச்சை மீறினதில்லை. ஊரெல்லாம் சிரிக்க நான்தான் காரணம் என்று நானே எழுதிக் கொடுத்தால் நாளைக்கு அவன் எதைக் கேட்பான்? அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. யாரிடமாவது கொடுத்துத்தான் படிக்கச் சொல்வார்கள், அவர்கள் தெருவெல்லாம் சொல்வார்கள். எந்த மூத்த மகன் அப்படி எழுதுவான், நீயே சொல்.

உனக்கு என்ன வேண்டும் என்று கேள். புது வில் வாங்கித் தருகிறேன். இங்கே கிளப்பில் பெண்களும் விடுகிறார்கள், சேர்த்துவிடுகிறேன். இதை மட்டும் கேட்காதே. பொங்கலுக்குள் படிவத்தை அனுப்பு.

தேவதாஸ்

*

நெல்லித்தோப்பு,
19.1.1984

மாமாவுக்கு,

பொங்கலுக்குள் படிவம் கேட்டீர்கள். பொங்கல் அன்று நான் அரியாங்குப்பம் போனேன். ஒரு கையில் கரும்பு, ஒரு கையில் வில். பஸ்ஸில் கண்டக்டர் வில்லைப் பார்த்துவிட்டு, "இது என்னா, சைக்கிளா?" என்றார். டிக்கெட் கேட்கவில்லை, வில்லுக்கு.

அத்தை வாசலிலேயே நிறுத்தினார்கள். நான் நேராகத் தோப்புக்குப் போனேன். அத்தை பின்னாலேயே திட்டிக்கொண்டு வந்தார்கள். உங்கள் தம்பியும் வந்தார். பக்கத்து வீட்டார் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். வரட்டும் என்று விட்டேன். தூரத்து மரத்தில் பழைய மெத்தையைக் கட்டினேன். வில்லை ஆதிமூலத்திடம் கொடுத்து, "ஒங்க கனத்துக்கு போல்ட்ட இறுக்குங்க, அன்னிக்கு இறுக்கின மாதிரியே" என்றேன். இறுக்கினார். நான் முள்ளைத் தொடவே இல்லை. விட்டார். மெத்தைக்கு மேலே போனது.

"அண்ணன் சொன்ன மாதிரி செய்யுங்க" என்றேன். இறக்கினார். அம்பு தோப்பைத் தாண்டி வாய்க்காலில் போய் விழுந்தது. இன்னும் கிடைக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். ஆதிமூலம் என்னைப் பார்க்கவே இல்லை. தானாகவே முள்ளை ஏற்றினார், ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது அம்பு மெத்தை நடுவில் நின்றது. வில்லைத் தரையில் வைத்துவிட்டு, "அப்ப அண்ணன் தப்பாத்தான் சொல்லிக்குது" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அவருக்கு உங்கள் மேல் மரியாதை ஒன்றும் குறையவில்லை, அந்தப் பயம் உங்களுக்கு வேண்டாம்.

அத்தை கிட்டே போய் மெத்தையில் நின்ற அம்பைத் தொட்டுப் பார்த்தார்கள். பிறகு சொன்னார்கள்: "நெசமாவே இருக்கட்டும். எம் பெரிய புள்ள தப்பு சொல்லிட்டான்னே வெச்சிக்க. அத இத்தினி பேரு முன்னால வந்து காட்டணுமா? வாய மூடிக்கினு இருந்தா ஒனக்கு இன்னா கொறஞ்சிப் போயிடும்?"

உங்கள் கடிதத்தில் இருந்த அதே நியாயம். நீங்கள் அங்கே பிரெஞ்சுக் காகிதத்தில் எழுதினதை அவர்கள் இங்கே தோப்பில் நின்று சொன்னார்கள். அம்மாவும் பிள்ளையும் பேசிவைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

எனக்கு என்ன குறைந்தது என்று அவர்களிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். ஆறு மாசமாக நான் பொய்க்காரி. என் அம்மா தண்ணீர்க் குழாய்க்குப் போகவில்லை. நீங்கள் என்னைக் கட்டினவர், உங்களுக்கு உண்மை தெரிந்த பிறகும் ஒரு மாதம் அதைச் சொல்லாமல் கம்பளிச் சட்டை பற்றி எழுதினீர்கள். அது குறைந்தது.

நேற்று அத்தை ஆள் அனுப்பினார்கள், வந்து இருந்துவிட்டுப் போகச் சொல்லி. உங்கள் சித்தி ஜெயமும் ராமலிங்கம் மாமாவும் நடந்ததைக் கேள்விப்பட்டுவிட்டார்கள். குழாயில் குடங்கள் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. இப்போது உண்மை அத்தைக்குத் தெரியும், உங்கள் தம்பிக்குத் தெரியும், பெர்னாருக்குத் தெரியும், அவர் மனைவிக்கும் தெரியும். அதனால் முன்பு அத்தைக்கு எழுதச் சொன்னேனே, அது இனி அத்தைக்காக இல்லை. எல்லோருக்கும் தெரிந்ததை இன்னும் சொல்லாமல் இருப்பவர் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் சொன்னால் உங்கள் அம்மாவுக்குப் புதுசாக ஒன்றும் தெரியப்போவதில்லை. எனக்குத்தான் தெரியவரும், நான் யாரோடு குளிரில் இருக்கப்போகிறேன் என்று.

படிவத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மனைவி கையெழுத்து இடம் காலியாக இருக்கிறது. அத்தை பேருக்கு உங்கள் கடிதம் அரியாங்குப்பத்துக்கு வந்து, யாராவது சத்தமாகப் படித்த பிறகு, இன்னொரு படிவம் அனுப்புங்கள்.

வில் என்னிடம்தான் இருக்கிறது. என் கனத்துக்குத் தளர்த்தி, முள்ளையும் அதற்கு இறக்கி வைத்திருக்கிறேன். லீவில் வந்தால் இழுத்துப் பாருங்கள், லேசாக இருக்கிறது என்று போல்ட்டில் மட்டும் கை வைக்காதீர்கள்.

வசந்தா